ஊஞ்சல் பாட்டுக்கு இரண்டு பேர்

முதலில் கடித்தது அக்கோடியன்தான்.

அந்த வாத்தியத்தின் விரித்த காற்றுத் துருத்தியை மூடும்போது அதன் மடிப்பு என் இடது மார்பைக் கவ்வியது. புதிதாகப் பழகும் பெண்களுக்கு இப்படி நடப்பதுண்டு, தடித்த துணியில் சட்டை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று கைத்தொலைபேசியில் பார்த்த காணொளி ஒன்றில் சொல்லியிருந்தார்கள். நோவு தீரட்டும் என்று அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தேன். விரலுக்குக் கீழே ஏதோ ஒன்று நகராமல் நின்றது. புளியங்கொட்டை அளவிருக்கும். நோவு அதில் இல்லை. அதைச் சுற்றியிருந்த தோலில்தான் இருந்தது.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது அப்படியொன்று கையில் தட்டுப்பட்டிருந்தால், நோகவில்லைதானே என்று விட்டுவிடாதீர்கள். நோகாததைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பிறகு எனக்குச் சொன்னார்கள்.

நான் சரவணையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு வேலணையில். பாடசாலை வாத்தியக் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அக்கோடியன் ஒன்று பெட்டியோடு அலுவலகத்தில் கிடந்தது. சின்ன வயதில் ஆர்மோனியம் கொஞ்சம் பழகினேன் என்று நான் எப்போதோ சொன்னதை அதிபர் மறக்கவில்லை.

"ரீச்சர், ரெண்டுக்கும் கட்டை ஒண்டுதானே. நீங்கள் பழகி எடுத்திடுவியள்" என்று தூக்கித் தந்துவிட்டார்.

கட்டை ஒன்றுதான். ஆனால் ஆர்மோனியம் நிலத்தில் இருக்கும். இது உடம்பில் இருக்கிறது. இரண்டு தோளிலும் பட்டி. வலது கை கட்டைகளில். இடது கை துருத்தியின் மறுபக்கத்தில் ஒரு வாருக்குள். அந்தக் கை இழுத்தாலும் தள்ளினாலும்தான் சத்தம். நாற்பத்தாறு வயதில், பின்னேரங்களில், மார்போடு அணைத்துக்கொண்டு அதைப் பழகினேன். பிள்ளைகள் அணிவகுத்து நடக்கும் மெட்டுகள் சுலபமாக வந்தன. பிறகுதான் எனக்கு ஊஞ்சல் பாட்டில் ஆசை வந்தது.

நான் பிறந்தது நயினாதீவில். சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகை ஊஞ்சல் கட்டி, ஆடுகிறவர்களும் ஆட்டுகிறவர்களும் மாறி மாறிப் பாடுவார்கள். என் தங்கை வசந்தி இன்றும் அங்கேதான் இருக்கிறாள், இன்றும் பாடுகிறாள். எனக்குக் குரல் இல்லை. அவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவளாகவே இருந்துவிட்டேன். இந்தப் பெட்டி கைக்கு வந்தவுடன், இனி நானும் சேரலாம் என்று தோன்றியது. வசந்தி பாட்டைக் குரற்பதிவாக அனுப்பினாள். முதலாம் அடி வந்தது. இரண்டாம் அடி வந்தது. மூன்றாவது வரவில்லை. அதில் பாட்டு மேலே ஏறி, ஒரு கறுப்புக் கட்டைக்கும் அடுத்த வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ நின்று இறங்குகிறது. அந்த இடத்துக்கு என் பெட்டியில் கட்டை இல்லை.

அந்த மூன்றாம் அடியைப் பிடித்துவிட வேண்டும் என்று முயன்ற பின்னேரம்தான் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

என் கணவர் யோகன் பஸ் சாரதி. குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிறார். அன்று அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, நெஞ்சிலை ஒரு கட்டி மாதிரி இருக்கு."

பிட்டை எடுத்த கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றது. "எந்தப் பக்கம்?"

"இடது."

"நாளைக்கு லீவு போடும்."

"நாளைக்குத் தவணைப் பரீட்சை."

"பரீட்சை நீர் இல்லாமலும் நடக்கும்."

யாழ்ப்பாணத்தில் மமோகிராம் (மார்பகத்தை ஊடுகதிரில் எடுக்கும் படம்) எடுத்தார்கள். பிறகு பயொப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டெடுத்துப் பரிசோதித்தல்). முடிவு வரும்வரை நான் பாடசாலைக்குப் போனேன், விடைத்தாள் திருத்தினேன், மீன் கழுவினேன். எல்லாவற்றையும் ஒரு கையால் செய்ததுபோல் ஞாபகம். மறு கை எந்த நேரமும் சட்டைக்கு மேலால் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

முடிவைச் சொன்ன சத்திரசிகிச்சை வைத்தியர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய். மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டும். பிறகு கீமோ (நாளத்தில் மருந்தேற்றும் சிகிச்சை), அதன் பிறகு கதிர்ச் சிகிச்சை. நேரத்தோடு வந்திருக்கிறீர்கள், நம்பிக்கையோடு இருக்கலாம் என்றார். ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார்.

"அக்கோடியன் வாசிக்கலாமோ டொக்டர்?"

அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். "பாரம் எவ்வளவு வரும்?"

"பத்துக் கிலோவுக்குக் கிட்ட."

"எந்தக் கையாலை இழுக்கிறது?"

"இடது."

"கக்கத்திலை இருக்கிற நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டிவரும். எடுத்தால் அந்தக் கை வீங்கிற தன்மை இருக்கும். பாரம், இழுவை எல்லாத்துக்கும் கவனம் வேணும். இப்ப ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. முதல்லை உங்களைச் சுகப்படுத்துவம்."

வெளியே விறாந்தையில் உட்காரும் வாங்குகள் நிறைந்திருந்தன. சுவரோடு சாய்ந்து நின்றபடி யோகன் கேட்டார்: "எவ்வளவு கேள்வி இருக்க, ஏன் அதைக் கேட்டனீர்?"

"வேறை எதைக் கேட்டாலும் அழுகை வரும்போலை இருந்தது."

அவர் தலையாட்டினார்.

மயக்கம் தெளிந்தபோது முதலில் உணர்ந்தது பாரத்தை. நெஞ்சில் யாரோ ஒரு கல்லை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. எடுத்துவிட்ட இடம் எப்படிப் பாரமாக இருக்கும் என்று விளங்கவில்லை. கட்டுக்குக் கீழிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, சின்னப் போத்தலில் முடிந்தது. காயத்தில் ஊறும் நீரை அது வெளியே எடுத்தது. குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வசந்தி நயினாதீவிலிருந்து வள்ளத்தில் வந்து என்னோடு தங்கினாள். போத்தலில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்ப்பதும் தலை வாருவதும் அவள் வேலை.

ஒருநாள் யோகன் நித்திரையில் புரண்டபோது அவர் கை குழாயில் கொழுவி இழுபட்டது. நான் கத்திவிட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் முன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். "உமக்குக் கையை நீட்டிப் படுக்க இடம் வேணும்" என்றார். குழாய் எடுத்த பிறகும் பாய் அங்கேயே இருந்தது. வசந்தி தன் வீட்டுக்குப் போன பிறகும் இருந்தது.

கட்டு அவிழ்த்த நாளில் கண்ணாடி பார்த்தேன். கக்கத்திலிருந்து நடு நெஞ்சுவரை ஒரு கோடு. அதைச் சுற்றித் தோல் மரத்துப் போயிருந்தது. தொட்டால் விரலுக்குத்தான் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. பிறத்தியாரின் உடம்பைத் தொடுவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு உடுப்பு மாற்றினேன். இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் இருந்த மனிதருக்கு முன்னால் கதவைச் சாத்தினேன். அவரும் கதவைத் தட்டவில்லை.

கீமோ நாட்களுக்கு அவரால் விடுமுறை எடுக்க முடியவில்லை. இருந்த விடுமுறை எல்லாம் சத்திரசிகிச்சையோடு தீர்ந்திருந்தது. அவர் ஓட்டிவரும் பஸ்ஸிலேயே நான் ஏறுவேன். சாரதிக்குப் பின்னாலுள்ள இருக்கையை நடத்துநர் எனக்காக வைத்திருப்பார். தாம்போதி வீதியில் இரண்டு பக்கமும் கடல். கண்ணாடியில் அவர் கண்கள் தெரியும். வீதியைப் பார்த்து, என்னைப் பார்த்து, மீண்டும் வீதியைப் பார்ப்பார். வாந்தி வருமோ என்ற பயத்தில் நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மனதைத் திருப்ப, அந்தக் கம்பியில் பாட்டை வாசிப்பேன். முதலாம் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் விரல் நின்றுவிடும்.

தலைமுடி போனது. நாக்கில் ருசி போனது. கடைசி மருந்துகளின்போது விரல் நுனிகள் மரத்துப் போயின. சட்டைப் பொத்தான் போட ஏலாமல் நின்ற நாட்கள் உண்டு. கீமோ எடுப்பவர்களுக்கு இது வரும், பலருக்கு மெல்ல மெல்லக் குறையும் என்று தாதி சொன்னார். எனக்கும் குறைந்தது. முழுதாக இல்லை.

ஆனால் அந்த மாதங்களில் நான் ஏங்கியது ருசிக்கோ முடிக்கோ அல்ல. அக்கோடியனை நெஞ்சில் சாய்த்துத் துருத்தியை மெல்லத் திறக்கும்போது, சத்தம் வருவதற்கு முன்னால் காற்று உள்ளே போகும் ஒரு மூச்சு இருக்கிறது. அதற்குத்தான். என் கணவர் முன்பு என் தோளில் கை வைக்கும் விதத்துக்கும். இந்த இரண்டையும் ஒரே ஏக்கமாகத்தான் உணர்ந்தேன். எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை.

கதிர்ச் சிகிச்சையும் முடிந்தது. கை இலேசாக வீங்கியிருந்தது. நிணநீர் வீக்கம் (வடிய வழியில்லாத நீர் கையில் தேங்குதல்) என்று சொல்லி, இறுக்கமான கையுறை ஒன்று தந்தார்கள். விரலடியிலிருந்து தோள்வரை போட வேண்டும். அக்கோடியன் அலுமாரிக்கு மேலே பெட்டியோடு இருந்தது. அறைக்குள் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. ஒருநாள் பொறுக்க முடியவில்லை.

"இதைப் பள்ளிக்கூடத்திலை குடுத்திட்டு வாங்கோ" என்று யோகனிடம் சொன்னேன். "வேறை ஆராவது பழகட்டும்."

அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனார். போன பெட்டி திரும்பி வந்தது. "அதிபர் கூட்டத்துக்குப் போயிட்டார்" என்றார். அடுத்த கிழமை மறுபடியும் கொண்டு போனார். மறுபடியும் வந்தது. "அலுவலகம் பூட்டிக் கிடக்கு."

மூன்றாம் முறை வந்தபோது பெட்டியில் தூசு துடைத்திருந்தது. பட்டிக்குப் புதுத் தோல் தைத்திருந்தது.

"நீங்கள் பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லை, என்ன?"

"போனனான். வாசல்வரைக்கும் போனனான்." பெட்டியை மேசையில் வைத்தார். "குடுக்க மனம் வரேல்லை. நீர் கம்பியிலை விரல் வைச்சு வாசிக்கிறதை நான் கண்ணாடியிலை பாத்துக்கொண்டுதானே வந்தனான்."

"எனக்கு இழுக்க ஏலாது. உங்களுக்கும் தெரியும்தானே."

"நான் இழுக்கிறன்."

சிரிப்பு வந்தது. பிறகு, அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

நான் கிளினிக்கில் இயன்மருத்துவரிடம் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) கேட்டேன். இளம் பெண். பெட்டி தொடையில் இருக்கட்டும், தோளில் தொங்க வேண்டாம், இழுவை வேறு ஆள் செய்தால் வாசிக்கலாம், கை பாரமாகத் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றாள். "ரெண்டு பேர் சேந்து ஒரு அக்கோடியனோ? நான் கேள்விப்படேல்லை" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவருக்கு ஓய்வு நாளொன்றின் பின்னேரம் தொடங்கினோம். நான் கதிரையில். பெட்டி என் தொடையில். அவர் என் இடது பக்கத்தில் முக்காலியைப் போட்டு, வாருக்குள் தன் கையை நுழைத்தார். இழுத்தார். பெட்டி மாடு கத்துவதுபோல் கத்தியது.

"பிறேக் அடிக்கிற மாதிரி இழுக்காதேங்கோ."

"நான் பிறேக் அடிச்சா முன்னாலை வைச்ச சாமிப் படம்கூட அசையாது" என்றார், கோபமாக.

"அப்ப அதுமாதிரி இழுங்கோ."

அது கொஞ்சம் பலித்தது. முதலாம் அடி நொண்டி நொண்டி நடந்தது. ஆனால் எப்போது இழுவையை நிறுத்தித் தள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. துருத்தி முழுக்க விரிந்து முட்டும்வரை இழுத்துவிட்டு, சொல்லின் நடுவில் திருப்பினார். பாட்டு உடைந்தது. சொல்லிச் சொல்லிக் களைத்தேன். என் விரல்களும் மரத்திருந்தபடியால் கட்டையைக் குனிந்து பார்த்துத்தான் அமர்த்த வேண்டியிருந்தது. விட்டுவிடலாமோ என்று நினைத்தபோது, வேறு வழியில்லாமல் கேட்டேன்:

"நீங்கள் மகளை ஊஞ்சலிலை ஆட்டினனீங்கள்தானே? எப்ப தள்ளுவியள்?"

எங்கள் மகள் இப்போது மட்டக்களப்பில் படிக்கிறாள். அவர் யோசித்தார். "பின்னாலை வந்து நிக்கேக்கை."

"ஊஞ்சல் நிக்குமோ?"

"ஓம், நிக்கும். மேலை வந்து ஒரு சொட்டு நேரம் பாரமில்லாமல் நிக்கும். அப்ப தள்ளினாத்தான் சொகுசாப் போகும். முந்தினால் பிள்ளை குலுங்கும்."

நான் அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதில் ஊஞ்சல் நிற்கும் இடத்தைக் கவனித்ததில்லை. வசந்தியின் குரற்பதிவைப் போட்டோம். ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவள் மூச்செடுக்கும் இடத்தில், ஊஞ்சல் மேலே நிற்கிறது. "இஞ்சை" என்றார் யோகன், கையை உயர்த்தி. "இஞ்சை. பிறகு இஞ்சை." துருத்தியை அந்த இடங்களில் திருப்பினோம். மூன்றாம் அடியில், உச்சியில், அவர் இழுவையைத் தளர்த்திய அந்த நொடியில் நான் கறுப்புக் கட்டையைத் தொட்டு வெள்ளைக்குள் வழுக்கினேன். காற்றுக் குறைந்திருந்ததால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. கட்டையில்லாத அந்த இடம் கேட்டது. அரைகுறையாக, ஆனால் கேட்டது.

"அது சரியோ?" என்றார்.

"சரி" என்றேன். திரும்பவும் வாசித்தோம். திரும்பவும்.

அப்படி ஒரு பின்னேரம் வாசித்துக்கொண்டிருந்தபோது ஏதோ எடுக்கத் திரும்பினேன். அவருடைய தோளும் புயமும் என் இடது நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். கண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். உணரவில்லை.

"நீங்கள் என்னிலை முட்டிக்கொண்டோ இருக்கிறியள்?"

அவர் திடுக்கிட்டு விலகினார். "நோகுதோ?"

"இல்லை. எனக்குத் தெரியவே இல்லை. அங்கை உணர்ச்சி இல்லை. எவ்வளவு நேரமா இப்பிடி?"

"இழுக்கத் தொடங்கின நாள் தொட்டு இப்பிடித்தானே இருக்கிறன். முட்டாமல் இழுக்க ஏலாது."

எத்தனை பின்னேரங்கள். இந்த மனிதர் என்னைத் தொட மாட்டாரா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த அதே நேரம், அவர் என்னைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குச் செய்தி வந்து சேரவில்லை.

அழுகை வந்தது. அதுவரை மனதில் கிடந்ததைச் சொன்னேன். "என்னைப் பாக்க உங்களுக்கு அருவருப்பு எண்டு நினைச்சனான். அதாலைதான் வெளியிலை படுக்கிறியள் எண்டு."

"விசர்க்கதை கதையாதேயும்." வாரிலிருந்து கையை எடுத்தார். "அண்டைக்கு அந்தக் குழாயை இழுத்துப்போட்டன். நீர் கத்தின சத்தம் இப்பவும் காதிலை நிக்குது. நித்திரையிலை என்ரை கை என்ன செய்யுமெண்டு எனக்கே தெரியாது. அந்தப் பயம்தான். நீர் கதவைச் சாத்தேக்கை, சரி, நான் கிட்ட வாறது உமக்கும் விருப்பமில்லை எண்டு நினைச்சன்."

குசினியில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் எழும்பவில்லை. அவர் கையை மீண்டும் வாருக்குள் விட்டு, முன்பிருந்ததுபோலவே சாய்ந்து உட்கார்ந்தார்.

"உமக்குத் தெரியாட்டி என்ன. எனக்குத் தெரியுது" என்றார்.

அன்று பாய் அறைக்குள் வந்தது.

நோயில் இருப்பவர்களுக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். மற்றவர் என்ன நினைக்கிறார் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். கேளுங்கள். கேட்பது சத்திரசிகிச்சையைவிடக் கடினமாக இருக்கும். அப்படியும் கேளுங்கள்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. வீட்டு வளவில் காய்ந்த பனையோலையை இழுத்தபோது மட்டையின் கூரிய கருக்கு இடது புறங்கையைக் கீறியது. சின்னக் கீறல். கையுறையைக் கழற்றிவிட்டுப் போயிருந்தேன். மறுநாள் கை சிவந்து, தடித்து, குளிர் காய்ச்சல் வந்தது. நிணநீர் முடிச்சு எடுத்த கையில் கிருமி எளிதாகப் பரவும். ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து மருந்தேற்றினார்கள். உங்களில் யாருக்காவது அந்தச் சிகிச்சை நடந்திருந்தால், அந்தக் கையில் ஒரு முள் குத்தினாலும் உடனே கழுவி, சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீடு வந்த பிறகு யோகன் பெட்டியைத் தொடவில்லை. கீறலால் வந்தது என்று வைத்தியர் அவரிடமே சொல்லியும் நம்பவில்லை. "அந்தப் பக்கமா இருந்து இழுத்து இழுத்து நான்தான் ஏதும் செய்துபோட்டனோ" என்றார். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் உள்ளே கூட்டிப்போனேன். இயன்மருத்துவர் அவர் தோளைப் பிடித்து முக்காலியில் இருத்தி, எப்படி உட்காருவீர்கள், எப்படி இழுப்பீர்கள் என்று கேட்டாள். அவர் வெறுங்கையால் இழுத்துக் காட்டினார். அறையில் இருந்த மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை" என்றாள். "நீங்கள் இழுக்காமல் விட்டால்தான் அக்கா தன்ரை கையாலை இழுக்கப் பாப்பா. அதுதான் பிழை."

அதன் பிறகு இழுத்தார்.

சித்திரையில் பெட்டியை வள்ளத்தில் ஏற்றி நயினாதீவுக்குக் கொண்டுபோனோம். வசந்தியின் வளவில் ஊஞ்சல் கட்டியிருந்தது. என் தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. சேலையை இழுத்து மூடாமல் இருக்கப் பழகியிருந்தேன். அவள் பாடினாள், நாங்கள் வாசித்தோம். முதலில் பிசகியது. வீட்டில் எங்கள் வேகத்துக்கு வாசித்துப் பழகிவிட்டோம். இங்கே ஊஞ்சல் தன் வேகத்துக்குப் போனது. கயிறு நீளமாக இருந்ததால் மேலே நிற்கும் நேரமும் நீளமாக இருந்தது. யோகன் பலகையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். அப்படியே போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் அடியில் வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

அக்கோடியன் என்னைக் குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். சத்திரசிகிச்சையும் மருந்தும் கதிரும் இப்போது தினமும் எடுக்கும் ஹோர்மோன் குளிசையும் செய்த வேலை அது. போன மார்பை நான் இன்னும் தேடுகிறேன். துருத்தி மூடும்போது, இல்லாத ஒன்றைக் காப்பாற்ற என் இடது தோள் பின்னால் போகிறது. இரண்டு கையாலும் தனியே வாசித்த அந்தச் சில மாதங்களையும் தேடுகிறேன். இப்போது இடது கையால் சொற்ப நேரம் இழுக்க அனுமதி உண்டு. இழுத்தும் பார்த்தேன். முன்பிருந்த கை அது அல்ல. இந்த ஏக்கம் தீருமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

காலமும் மாறிவிட்டது. முன்பு பாடசாலைத் தவணை தவணையாக வருடம் போகும். இப்போது கிளினிக்குக்குக் கிளினிக் போகிறது. வைத்தியர் அடுத்த தேதியைக் குறித்துத் தரும்போது, அதுவரையான நாட்கள் என் மடியில் வைக்கப்பட்டதுபோல் இருக்கிறது. அவ்வளவுதான் கையில். அது குறைவாகவும் தெரியவில்லை.

கை பாரம் தூக்கக் கூடாது என்பதால் கிணற்றில் அள்ளிக் குளிக்க எனக்கு ஏலாது. யோகன் அள்ளி ஊற்றுகிறார். நெஞ்சோடு சுற்றிய குறுக்குக்கட்டு இடது பக்கத்தில் நிற்பதில்லை, நழுவுகிறது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு கல்லில் இருக்கிறேன். இடது தோளில் தண்ணீர் விழுகிறது. தோளில் குளிர்கிறது. பிறகு அது காணாமல் போகிறது. நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எனக்குத் தெரியாது. அங்கே ஒரு வெறும் இடம். தண்ணீர் அதைத் தாண்டி விலாவுக்குக் கீழே வரும்வரை நான் காத்திருக்கிறேன். முன்பெல்லாம் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்தது.

அவருக்கும் இது இப்போது பழகிவிட்டது. வாளியைச் சரித்து மெதுவாக ஊற்றியபடி கேட்கிறார்.

"இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

"பொறுங்கோ."

கண்ணை மூடிக்கொள்கிறேன். அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"ஓம்" என்கிறேன். "இப்ப."